காமா போய் எப்சிலான் வரும் வாரங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மண்டி வைத்திருப்பவர்களுக்குச் சுண்டெலிக் குட்டி புதிதல்ல. அடி மூட்டையை இழுத்தால் சணல் நாரும் காகிதத் துணுக்கும் சேர்ந்த ஒரு கூடு இருக்கும். உள்ளே ஐந்தாறு குட்டிகள். உடம்பில் முடி இல்லை, கண் திறக்கவில்லை. குடித்த பால் வயிற்றில் வெள்ளையாகத் தோல் வழியே தெரியும். தூக்கத்திலும் சும்மா இருக்காது. ஒரு கால் உதறும், முகம் சுருங்கும், வால் நெளியும். அதே குட்டி மூன்று வாரம் கழித்துச் சுவரோரம் ஓடினால் கண்ணால் தொடர முடியாது.

இந்த மூன்று வாரத்தில் முடி முளைப்பதும் கண் திறப்பதும் நமக்குத் தெரிகிறது. தெரியாமலும் ஒன்று நடக்கிறது. நரம்பின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தில் உள்ள புரத வாயில்கள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறிவிடுகின்றன. அஸ்தம்பட்டியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித்தருகிறேன். நரம்புத்தசைச் சந்திப்பு பற்றிப் பேசும்போது எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வகுப்பில் நாங்கள் வரையும் படம் வளர்ந்த தசையின் படம். பிறந்த குட்டியின் தசையும் அதே படத்தின் சின்ன அளவுதான் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் குட்டிக்கென்றே ஒரு வாயில் இருக்கிறது. குட்டியின் வேலையை அது வளர்ந்த எலியின் வாயிலைவிட நன்றாகவே செய்கிறது.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். முதுகுத்தண்டிலிருந்து வரும் இயக்க நரம்பு தசை நாரைத் தொட்டுவிடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. நரம்பில் ஓடிவரும் மின் துடிப்பு இந்த இடைவெளியைத் தாண்டாது. அதனால் நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியே விடுகிறது. அதை நுண்பைகளில் ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கும். ஒரு பையில் பல ஆயிரம் மூலக்கூறுகள். எதிரே தசையின் சவ்வில் ஏற்பிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஏற்பியே ஓர் அயனிக் கால்வாயும்கூட. இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் வந்து ஒட்டியதும் நடுவில் உள்ள துளை திறக்கும், வெளியிலிருந்து சோடியம் உள்ளே பாயும், கொஞ்சம் பொட்டாசியம் வெளியேறும். ஓய்வில் தசை நாரின் உட்புறம் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும்; அது இப்போது குறையும். போதிய அளவு குறைந்தால் நார் முழுக்க மின் துடிப்பு ஓடி, தசை சுருங்கும். மிச்ச அசிட்டைல்கோலினை அங்கேயே இருக்கும் ஒரு நொதி உடைத்துவிடும். எல்லாம் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும்.

இனி வாயிலுக்குக் கிட்டே போவோம். ஒரு துளையைச் சுற்றி ஐந்து புரத அலகுகள் வட்டமாக நிற்கின்றன. ஆல்ஃபா இரண்டு, பீட்டா ஒன்று, டெல்ட்டா ஒன்று. இந்த நான்கும் கருவிலும் உண்டு, கிழ எலியிலும் உண்டு. மாறுவது ஐந்தாவது இடம்தான். கருவிலும் பிறந்த குட்டியிலும் அங்கே காமா இருக்கிறது. வளர்ந்த எலியில் எப்சிலான். ஒன்றே ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. அசிட்டைல்கோலின் ஒட்டும் இடங்கள் ஓர் ஏற்பியில் இரண்டு. ஒன்று ஆல்ஃபாவும் டெல்ட்டாவும் சேரும் இடுக்கு, மற்றது ஆல்ஃபாவும் இந்த ஐந்தாவது அலகும் சேரும் இடுக்கு. துளையின் சுவரிலும் ஐந்து அலகுகளுக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே ஐந்தாவது ஆள் மாறினால் அசிட்டைல்கோலினைப் பிடிக்கும் விதம், துளையின் தாராளம், திறந்திருக்கும் நேரம் மூன்றுமே மாறும்.

இங்கே பிள்ளைகள் ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். சவ்வில் நிற்கும் ஏற்பியிலிருந்து காமாவைக் கழற்றிவிட்டு எப்சிலானை மாட்டும் வேலை எதுவும் நடப்பதில்லை. பழைய ஏற்பியைச் செல் மொத்தமாக உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். எப்சிலானோடு புதிதாகக் கட்டிய ஏற்பி வெளியே வரும். கருத் தசையில் ஏற்பிகள் வேகமாக மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி மறைய ஆகும் காலம், ஏறக்குறைய ஒரு நாள். வளர்ந்த சந்திப்பில் அது பத்து நாள் அளவுக்கு நீளும். இப்படித் தொடர்ந்து ஆள் மாறிக்கொண்டிருக்கும் இடத்தில், புதிதாக வருபவற்றின் வகையை மாற்றினாலே போதும், சில நாட்களில் கூட்டமே மாறிவிடும்.

சுண்டெலியில் நடக்கும் வரிசை இப்படி. கர்ப்ப காலம் மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவு. அதன் பிற்பாதியில் நரம்பு தசையை வந்தடைகிறது. அதற்கு முன்பே தசை தன் பங்குக்கு ஏற்பிகளைச் செய்யத் தொடங்கிவிடும். நாரின் நடுப்பகுதியில் அவை திட்டுத்திட்டாகக் கூடும். நரம்பு வந்ததும் அதன் முனைக்கு நேரே இருக்கும் திட்டுகள் நிலைக்கும், மற்றவை கலையும். பிறக்கும்போது ஒரு தசை நாரில் ஒன்றுக்கு மேற்பட்ட நரம்புக் கிளைகள் வந்து உட்கார்ந்திருக்கும். அடுத்த இரண்டு வாரத்தில் ஒன்றைத் தவிர மற்றவை பின்வாங்கும். அதே இரண்டு வாரத்தில் திட்டுகளின் உருவம் மாறும்: ஒரே பரப்பாக இருந்தது நடுவே ஓட்டைகள் விட்டுக் கிளை கிளையாகப் பிரியும். காமா குறைந்து எப்சிலான் ஏறுவதும் பெரும்பாலும் இதே இரண்டு வாரத்தில்தான்.

இது எப்படித் தெரியவந்தது? முதலில் தெரிந்தது நேரக் கணக்கு. பெர்ட் சாக்மன், ஹான்ஸ் ப்ரென்னர் இருவரும் 1978-இல் எலித் தசையில் அளந்து பார்த்து, குட்டி வளர வளர இந்த வாயில்கள் திறந்திருக்கும் நேரம் குறைகிறது என்று காட்டினார்கள். ஏன் குறைகிறது என்பதற்கு அப்போது பல விளக்கங்கள் இருந்திருக்கலாம். சவ்வின் கொழுப்பு மாறியிருக்கலாம், ஏற்பியில் வேறு ஏதாவது வேதி மாற்றம் நடந்திருக்கலாம். விடை ஜப்பானிலிருந்து வந்தது. கியோட்டோவில் ஷோசாகு நுமாவின் குழு 1985-இல் கன்றுக்குட்டியின் தசையில் அதுவரை யாரும் அறியாத ஓர் அலகின் மரபணுவைக் கண்டுபிடித்தது. அதுதான் எப்சிலான். அடுத்த ஆண்டு நுமாவும் சாக்மனும் சேர்ந்து செய்த சோதனையை நான் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் விரிவாகச் சொல்வேன். தவளையின் முட்டைச் செல் ஒன்றில் ஆல்ஃபா, பீட்டா, டெல்ட்டா, காமா நான்கின் தூது ஆர்.என்.ஏ.வை (புரதம் செய்யச் செல் படிக்கும் மரபணு நகல்) செலுத்தினார்கள். இன்னொரு முட்டையில் காமாவுக்குப் பதில் எப்சிலான். முதல் முட்டையின் சவ்வில் உருவான வாயில்கள் கருக் கன்றின் தசையில் இருப்பவை போலவே நடந்துகொண்டன. இரண்டாவதில் உருவானவை வளர்ந்த மாட்டின் தசையில் இருப்பவை போல. இங்கே தசை இல்லை, நரம்பு இல்லை, வயதும் இல்லை. ஓர் அலகை மாற்றியதும் நடத்தை மாறிவிட்டது. இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

சரி, நடத்தை எப்படி மாறுகிறது? இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பேனா எடுத்து உட்கார்ந்தால் பத்தாம் வகுப்பு இயற்பியலே போதும்.

காமா உள்ள வாயிலின் மின் கடத்தல் ஏறக்குறைய 40 பிகோசீமன்ஸ் (சீமன்ஸ் என்பது கடத்தலின் அலகு; பிகோ என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு). எப்சிலான் உள்ளதற்கு ஏறக்குறைய 60. தசைச் சவ்வின் குறுக்கே 80 மில்லிவோல்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடத்தலை அழுத்தத்தால் பெருக்கினால் மின்னோட்டம் வரும்: காமா வாயிலில் 3.2 பிகோஆம்பியர், எப்சிலான் வாயிலில் 4.8 பிகோஆம்பியர். ஒரு சோடியம் அயனியின் மின்னூட்டத்தால் வகுத்தால், காமா வாயில் வழியே நொடிக்கு 2 கோடி அயனிகள், எப்சிலான் வழியே 3 கோடி. இதோடு நிறுத்தினால் எப்சிலான்தான் தாராளமான வாயில் என்று தோன்றும்.

ஆனால் எந்த வாயிலும் ஒரு நொடி முழுக்கத் திறந்திருப்பதில்லை. எப்சிலான் வாயில் சராசரியாக 1 மில்லி நொடி அளவுக்குத் திறந்திருந்து மூடிக்கொள்ளும். காமா வாயிலோ அதைப்போலப் பல மடங்கு நேரம் திறந்தே இருக்கும். வெப்பநிலையைப் பொறுத்து எண் மாறும், கணக்குக்கு 5 மில்லி நொடி என்று எடுத்துக்கொள்ளலாம். இப்போது பெருக்குங்கள். எப்சிலான் வாயில் ஒரு முறை திறந்தால் 30 ஆயிரம் அயனிகள் போகும். காமா வாயில் ஒரு முறை திறந்தால் ஒரு லட்சம். மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாய்ப் பாசனத்தில் மடை பார்த்தவர்கள் இதில் வியக்க மாட்டார்கள்: சின்ன மடையை விடிய விடியத் திறந்து வைத்தால் பாயும் தண்ணீர், பெரிய மடையைச் சற்று நேரம் திறந்து மூடினால் பாய்வதைவிட அதிகம்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடித்தபோது, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “ஏனுங்க சார், கடைசியில எப்சிலான்தான் நிக்கப்போகுதுன்னா, கருவுலயே அதை வச்சிட்டா என்னங்க? எதுக்கு ரெண்டு தடவை வேலை?”

இதை மீறிய கேள்வி இந்தப் பாடத்தில் இல்லை. கருவின் தசை நார் மிகவும் மெலிசு. மெலிசான நாரில் மின்தடை அதிகம். அதனால் சின்ன மின்னோட்டமும் பெரிய அழுத்த மாற்றத்தைத் தரும். அதே நேரத்தில் நரம்பு முனையும் இன்னும் பிஞ்சு. ஒரு கட்டளைக்கு அது விடும் நுண்பைகள் மிகச் சில. இப்படி ஒரு நரம்பும் இப்படி ஒரு தசையும் பேசிக்கொள்ள வேண்டுமென்றால், கிடைக்கும் ஒவ்வொரு பையும் பலனளிக்க வேண்டும். நீண்ட நேரம் திறந்து நிற்கும் காமா வாயில் அதற்கு ஏற்றது. நரம்பு முனை ஓய்வில் இருக்கும்போதும் அவ்வப்போது ஒரு பை தானாக உடைந்து அசிட்டைல்கோலினைக் கொட்டும். பால் ஃபாட், பெர்னார்ட் காட்ஸ் இருவரும் 1950-களின் தொடக்கத்தில் தவளைத் தசையில் கண்டது இது. வளர்ந்த தசையில் அப்படி ஒரு பை உடைந்தால் ஒரு மில்லிவோல்ட்டைத் தாண்டாத ஒரு சிறு அசைவுதான், தசை சுருங்காது. ஆனால் பிறந்த எலிக்குட்டியின் தசையில் அந்த ஒரே பை நாரைச் சுருங்க வைக்கப் போதுமானது என்று 1988-இல் காட்டினார்கள். யாரும் கட்டளையிடாமலே தசை அவ்வப்போது சுருங்கிப் பழகுகிறது. வளரும் தசைக்கு இந்தச் சுருக்கம் தேவை.

வளர்ந்த எலியில் நிலைமை தலைகீழ். நார் தடித்துவிட்டது, அதை உசுப்ப நிறைய மின்னோட்டம் வேண்டும். ஆனால் அதைக் கொடுக்க ஆளும் இருக்கிறது: ஒரு கட்டளைக்குப் பல பைகள் ஒரே நேரத்தில் உடைகின்றன, எதிரே ஒரு சதுர மைக்ரோமீட்டரில் பத்தாயிரம் அளவுக்கு ஏற்பிகள் நெருங்கி நிற்கின்றன. இனி வேண்டியது வேகமும் கட்டுப்பாடும். நரம்பு நொடிக்கு 50 கட்டளை அனுப்பினால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 20 மில்லி நொடிதான். ஒவ்வொரு கட்டளையும் மிச்சம் வைக்காமல் அடங்கிவிட வேண்டும். வாயில்கள் தேவைக்கு மேல் திறந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு மனிதரிலேயே சான்று உண்டு. பிறவியிலேயே வாயில் மூட நேரமெடுக்கும் ஒரு மரபணு நோய் இருக்கிறது. அதில் கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே போய்ச் சந்திப்பையே மெல்ல மெல்லச் சிதைத்துவிடுகிறது.

அந்தப் பெண்ணின் கேள்விக்குச் சோதனையாகவும் விடை தேடியிருக்கிறார்கள். மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். காமா இல்லாத குட்டிகள் பிறந்து ஓரிரு நாட்களிலேயே இறந்துவிட்டன. கருவில் அவற்றின் தசைகளில் அந்தத் தானான சுருக்கங்கள் உருவாகவே இல்லை. 1996-இல் விட்ஸெமன் குழு எப்சிலான் இல்லாத சுண்டெலிகளைப் பற்றி எழுதியது. இவை நலமாகப் பிறந்தன, பால் குடித்தன, முதலில் குறையேதும் தெரியவில்லை. காமா தன்னால் முடிந்தவரை தாங்கிப் பிடித்தது. ஆனால் வளர வளரச் சந்திப்பில் ஏற்பிகள் குறைந்துகொண்டே போய், தசை மெலிந்து, இரண்டு மூன்று மாதங்களில் இறந்தன. ஒன்று இல்லாவிட்டால் தொடக்கமே இல்லை, மற்றது இல்லாவிட்டால் தொடர்ச்சி இல்லை.

மாற்றத்துக்கு உத்தரவு போடுவது யார் என்பது தனிக் கதை, அதிலும் அழகான பகுதி உண்டு. தசை நார் என்பது பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்த நீளமான ஒரு செல்; அதற்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள். எப்சிலானின் மரபணு இந்த எல்லா உட்கருக்களிலும் இருக்கிறது. ஆனால் நரம்பு முனைக்கு நேர் கீழே இருக்கும் சில உட்கருக்கள் மட்டுமே அதைப் படிக்கின்றன. நரம்பு முனை அக்ரின் என்ற புரதத்தைச் சுரக்கிறது; அதனால் தசைச் சவ்வில் மஸ்க் என்ற நொதி விழித்துக்கொள்கிறது; ஏற்பிகள் அங்கே கூடுகின்றன, கீழிருக்கும் உட்கருக்களுக்கும் சேதி போகிறது. அந்தச் சேதி ஒரு முறை பதிந்துவிட்டால் நரம்பை வெட்டினாலும் அந்த உட்கருக்கள் எப்சிலானைத் தொடர்ந்து படிக்கும். காமாவை அடக்குவது வேறு வழி: தசையின் மின் நடமாட்டம். சுருங்கச் சுருங்க, நாரெங்கும் உள்ள உட்கருக்களில் காமா மரபணு வாய் மூடும்.

இதை எதிர்த்திசையிலும் சோதிக்கலாம். நரம்பை வெட்டினால் தசை அசையாது. சில நாட்களில் காமா மீண்டும் தலைதூக்கும், ஏற்பிகள் சந்திப்புக்கு வெளியேயும் நார் முழுக்கப் பரவும். நரம்பு அறுந்த அதே தசைக்குச் சிறு மின்முனைகள் வைத்து வெளியிலிருந்து துடிப்புக் கொடுத்தால் அந்தப் பரவல் அடங்கும். டெர்யே லோமோவும் ஜீன் ரோசன்தாலும் 1972-இல் எலியில் செய்து காட்டியது இது. அப்படியானால் காமாவை அடக்குவதற்கு நரம்பு நேரில் இருக்க வேண்டியதில்லை, அது தரும் அசைவு இருந்தால் போதும். இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். எர்வின் நெஹரும் சாக்மனும் 1976-இல் உயிர்ச் செல்லின் சவ்வில் முதல் முறையாக ஒரே ஒரு வாயில் திறந்து மூடுவதை மின்னோட்டமாகப் பதிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது நரம்பு வெட்டப்பட்ட தவளைத் தசை. ஏற்பிகள் சந்திப்பைவிட்டு வெளியே பரவியிருந்ததால்தான் கண்ணாடிக் குழலின் நுனியை ஒரு வாயில் மேல் வைக்க முடிந்தது. 1991-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பிகளை எண்ணியதும் அவற்றின் ஆயுளைக் கண்டதும் பாம்பு விஷத்தின் உதவியால். சேலம் மாவட்டக் கிராமங்களில் கட்டுவிரியனைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பெரிய வலி இருக்காது, விடியும்போது இமையைத் தூக்க முடியாது, பேச்சு குழறும், மூச்சு திணறும். நரம்புத்தசைச் சந்திப்பு அடைபட்டதன் அடையாளங்கள் இவை. மந்திரிக்கப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதன் தைவான் நாட்டு உறவுப் பாம்பு ஒன்றின் விஷத்திலிருந்து 1963-இல் சாங், லீ என்ற இருவர் பங்காரோடாக்சின் என்ற நச்சைப் பிரித்தெடுத்தார்கள். அதில் ஆல்ஃபா வகை, தசையின் ஏற்பியை இறுகப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. அதோடு கதிரியக்க அயோடினையோ ஒளிரும் சாயத்தையோ சேர்த்துவிட்டால், எத்தனை ஏற்பி இருக்கிறது, எங்கே இருக்கிறது, எத்தனை நாளில் மறைகிறது என்று பார்த்துவிடலாம். நான் மேலே சொன்ன ஒரு நாள், பத்து நாள், பத்தாயிரம் என்ற கணக்கெல்லாம் இந்த நச்சு இல்லாமல் கிடைத்திருக்காது.

சுண்டெலியில் தொடங்கியது மனிதரிலும் அப்படியே பொருந்துகிறது, ஒரே ஒரு வித்தியாசத்தோடு. நம்மில் இந்த மாற்றம் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலேயே நடந்து முடிந்துவிடும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் தசையில் பெரும்பாலும் எப்சிலான்தான். விதிவிலக்காகக் கண்ணை அசைக்கும் தசைகளில் மட்டும் வளர்ந்த பிறகும் காமா தங்கிவிடுகிறது.

மயக்க மருத்துவர்களுக்கு இது படிப்போடு நிற்கும் சங்கதி இல்லை. அவசர அறுவையில் மூச்சுக்காகக் குழாய் போடுவதற்காகத் தசையைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்ற மருந்தைக் கொடுப்பது உண்டு. அது அசிட்டைல்கோலினைப் போலவே ஏற்பியைத் திறக்கும், ஆனால் சீக்கிரம் உடைபடாது. சாதாரணமாகத் திறப்பது சந்திப்பில் மட்டும்தான், அதனால் வெளியேறும் பொட்டாசியம் கொஞ்சம். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர், தண்டுவடத்தில் அடிபட்டவர், பெரிய தீக்காயம் பட்டவர், நீண்ட நாள் அசையாமல் படுக்கையில் கிடந்தவர் இவர்களின் தசையில் சில நாட்களுக்குள் காமா திரும்பி வந்து நாரெங்கும் பரவியிருக்கும். மருந்து உள்ளே போனதும் அத்தனை வாயிலும் திறக்கும், அதுவும் நீண்ட நேரம். ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று ஏறி இதயம் நின்றுவிடக்கூடும். அதனால்தான் அறுவைக்கு முன்னால் “இதுக்கு முன்ன கை கால் விழுந்திருக்கா? எத்தனை நாளா படுக்கையில இருக்காங்க?” என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். வீட்டார் அதை அலுத்துக்கொள்ளாமல் விவரமாகச் சொல்ல வேண்டும்.

பிறவி நோய்களிலும் இந்த இரண்டு அலகுகளின் தடம் தனித்தனியாகத் தெரிகிறது. எப்சிலான் மரபணுவில் பழுது இருந்தால் குழந்தைக்கு இமை தொங்கும், பால் குடிப்பதற்குள் களைத்துவிடும், நடக்கத் தாமதமாகும். உயிர் பிழைப்பதற்குக் காரணம், மனிதத் தசையில் காமா கொஞ்சமாவது தொடர்ந்து உருவாகி ஈடு கொடுப்பது. காமா மரபணுவில் பழுது இருந்தால் கதை வேறு. எஸ்கோபர் நோய்க்குக் காரணம் இந்தப் பழுதுதான் என்று 2006-இல் தெரியவந்தது. அந்தக் குழந்தைகள் கருவில் சரியாக அசைவதில்லை. அசையாத மூட்டு இறுகிவிடும், முழங்கையிலும் கழுத்திலும் தோல் சவ்வுபோல் விரிந்து ஒட்டியிருக்கும். ஆனால் பிறக்கும்போது எப்சிலான் வந்துவிட்டதால் பிறகு தசையின் பலவீனம் பெரும்பாலும் இருப்பதில்லை. தாய்க்குத் தசைச் சோர்வு நோய் (உடலின் எதிர்ப்பொருள்களே தசையின் ஏற்பிகளைத் தாக்கும் நோய்) இருந்து, அவருடைய எதிர்ப்பொருள்கள் காமாவைக் குறிவைத்தாலும் கருவுக்கு இதேபோல் ஆகலாம். காமா தாயின் தசையில் பெரும்பாலும் இல்லாததால் அவருக்கு அறிகுறி ஏதும் இல்லாமலேகூட இருக்கலாம்.

எஸ்கோபர் நோயும், எப்சிலான் பழுதால் வரும் நோயும் பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டிக்கொடுக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களில் அப்படிச் சேர்ந்து வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இருவரும் ஒரே பழுதைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. முதல் குழந்தை மூட்டு இறுகிப் பிறந்திருந்தாலோ, இமை தொங்கிச் சோர்ந்திருந்தாலோ, அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். காமா, எப்சிலான் இரண்டின் மரபணுக்களையும் இப்போது ரத்த மாதிரியிலேயே படித்துவிட முடிகிறது.